நாற்பது நிமிடக் கையெழுத்து

தொண்டாமுத்தூர்
3 செப்டம்பர் 2025

கிருபாசங்கர் அவர்களுக்கு,

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஃபோனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நான் கத்தத் தொடங்கிவிடுகிறேன். நாலாவது வாக்கியத்தில் நீங்கள், “சரி அம்மணி, அப்பறம் பேசறேன்” என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. தினமும் ஒரு பக்கம் கையால் எழுதச் சொல்லி ஆஸ்பத்திரியிலும் சொல்லியிருக்கிறார்கள். தேதி, ஆள் பெயர், நடந்தது எல்லாம் வரிசையாக எழுத வேண்டுமாம். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுவேன்.

திங்கட்கிழமை என் தம்பி செங்கோடன் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். தலையில் அடிபட்டு ஆறு மாதம் கழித்துச் செய்யும் பரிசோதனை. பட்டறையில் அவசர வேலை என்று நீங்கள் வரவில்லை. டாக்டரைப் பார்க்கும் முன்னால் டெய்சி என்ற பெண் என்னைத் தனி அறைக்குக் கூப்பிட்டாள்.

“அக்கா, இப்ப உங்களுக்கு நெனவு நல்லா தெளிஞ்சிருச்சுங்க. இனிமே நீங்கதான் கையெழுத்துப் போடோணும். இது வரைக்கும் உங்க வீட்டுக்காரர் போட்டதை வெச்சுத்தான் ஓடிட்டு இருக்குதுங்க.”

“எது ஓடிட்டு இருக்குது?” என்று கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறாள், பாவம்.

மூளையில் அடிபட்ட பிறகு வரும் அழற்சியை அடக்க ஒரு புது மருந்தைச் சோதிக்கும் ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு அந்த மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். ஐந்து நாள் நரம்பு வழியாக ஏற்றியிருக்கிறார்கள். எனக்கு எது ஏறியது என்று டாக்டருக்கும் தெரியாது, டெய்சிக்கும் தெரியாது. படிவத்தில் என் பெயர்கூட இல்லை. பங்கேற்பாளர் எண் 31. கடைசிப் பக்கத்தில், நான் போட வேண்டிய இடத்தில் உங்கள் கையெழுத்து. பிப்ரவரி 11, மாலை நான்கு மணி.

நான் பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் எடுத்தவள். ஒரு சோதனைக்குழாயில் மருந்து, இன்னொன்றில் தண்ணீர் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன். நானே ஒரு குழாய் என்று எனக்கு ஏழு மாதமாக யாரும் சொல்லவில்லை.

டாக்டரைப் பார்க்காமலேயே வந்துவிட்டேன். ஏன் போட்டீர்கள்? போட்டதை ஏன் மறைத்தீர்கள்? ஜூன் மாதம் இரண்டு வாரம் என்று சொல்லி என்னை அம்மா வீட்டில் விட்டீர்கள். இது பதினோராவது வாரம். உங்கள் கையெழுத்தில் நான் இன்னும் எங்கெல்லாம் இருக்கிறேன்?

சண்முகப்பிரியா

(இது என் கையெழுத்துத்தான். ‘ச’ இப்போது இப்படித்தான் வருகிறது.)


கணபதி
8 செப்டம்பர் 2025

பிரியா அம்மணிக்கு,

கடிதம் வந்தது. எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். பட்டறையில் பம்பு ஷாஃப்ட் ஆர்டர் இருக்கிறது, இரண்டு லேத்தும் நிற்காமல் ஓடுகிறது. நம் கனிஷ்காவுக்குக் காலாண்டுப் பரீட்சை. கணக்கில் நன்றாகச் செய்வாள் போலிருக்கிறது. அவள் புருவத் தழும்பு இப்போது தெரிவதே இல்லை.

நீ கேட்டதெல்லாம் நேரில் பேச வேண்டிய விஷயம். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடு.

கிருபாசங்கர்


தொண்டாமுத்தூர்
13 செப்டம்பர் 2025

கிருபாசங்கர் அவர்களுக்கு,

“மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.” இதை எழுத ஐந்து நாளா?

நேரில் பேசலாம் என்கிறீர்கள், நேரில் வருவதில்லை. சரி, நான் இருக்கும் இடம் எப்படி இருக்கிறது என்று நானே சொல்கிறேன்.

காலையில் வெயில் ஏறினால் தலைக்குள் ஊசி குத்துகிறது. ஜன்னலுக்கு அம்மா கெட்டிப் போர்வை கட்டியிருக்கிறாள். இடது பக்கம் எலும்பில்லாத இடத்தில் தலை பள்ளமாக இருக்கிறது. குனிந்தால் ஒரு மாதிரி, நிமிர்ந்தால் ஒரு மாதிரி. ஆபரேஷனில் எடுத்த அந்த எலும்பு என் வயிற்றுத் தோலுக்கடியில் பத்திரமாக இருக்கிறது. ஒருக்களித்துப் படுத்தால் அதன் விளிம்பு இடிக்கிறது. ஹெல்மெட் போட்டால்தான் வாசலுக்கு விடுகிறார்கள். அன்றைக்குத் தலையில் போடாமல் ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு போனேனே, அதற்கு இப்போது வீட்டுக்குள் போடுகிறேன்.

மத்தியானம் அம்மா தோட்டத்துக்குப் போகும்போது வெளியே தாழ்ப்பாள் போடுகிறாள். “உன்ற நல்லதுக்குத்தான் சாமி, நீ பாட்டுக்கு ரோட்டுக்குப் போயிட்டீனா?” என்கிறாள். போன மாதம் ஒரு நாள் போய்விட்டேன், உண்மைதான். திரும்பி வர வழி தெரியவில்லை. பிறந்து வளர்ந்த ஊரில்! வெயில் இறங்கினால் யானை வரும் என்று எல்லாக் கதவும் சாத்தியாகிவிடும். அடுப்படியில் கத்தி, அரிவாள்மணை எதுவும் கண்ணில் படாது. நான் கேட்டால், “எங்க வெச்சனோ தெரியல” என்பாள். சீப்பு என்று சொல்ல நினைத்தால் சாவி என்று வருகிறது. அம்மா சாவியைக் கொண்டுவந்து தரமாட்டாள். “சாவி எதுக்கு கண்ணு?” என்பாள், மெதுவாக.

எனக்கு ஜூன் மாதம் நடந்தது மறக்கவில்லை. நீங்கள் எல்லோரும் நான் மறந்துவிட்டதாக நினைத்துப் பேசுகிறீர்கள். கனிஷ்கா டேப்லெட்டில் ஏதோ பாட்டு வைத்திருந்தாள். குறைக்கச் சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. என் கை எவர்சில்வர் சொம்பை எடுத்தது. எறிந்தது. என் பிள்ளையின் புருவம் கிழிந்து மூன்று தையல். அவள் அழாமல் என்னைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். அந்தப் பார்வையை நான் தினமும் பார்க்கிறேன்.

தழும்பு தெரிவதே இல்லை என்று எனக்கு எழுதாதீர்கள்.

கேட்டதற்குப் பதில் எழுதுங்கள்.

சண்முகப்பிரியா


கணபதி
21 செப்டம்பர் 2025

அம்மணி,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்துப்போட்டு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, பட்டறை லீவு. கனிஷ்கா பக்கத்து வீட்டில் விளையாடுகிறாள்.

அன்று காலை எட்டேகாலுக்கு சத்தி ரோட்டில் குழாய் பதித்து மூடியிருந்த இடத்தில், ஜல்லியில் உன் ஸ்கூட்டர் சறுக்கியது. பதினொன்றரைக்கெல்லாம் உன்னை ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூளை வீங்குகிறது, மண்டைக்குள் அதற்கு இடமில்லை, எலும்பை எடுத்தால்தான் உயிர் என்றார்கள். எடுத்து வயிற்றில் வைத்துத் தைத்தார்கள். மூன்று இருபதுக்கு டாக்டர் ரம்ஷா என்னையும் செங்கோடனையும் கூப்பிட்டார். அவர் சொன்னது வார்த்தை மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

“விழுந்த அடி ஒண்ணுங்க. அது முடிஞ்சு போச்சு, அதை நான் மாத்த முடியாது. ரெண்டாவது இனிமேத்தான் ஆரம்பிக்கும். அடிபட்ட எடத்தைச் சரிபண்ண ஒடம்பே ஆள் அனுப்பும். வந்தவங்க வேலைய முடிச்சுட்டுத் திரும்பிப் போகாம, நல்லா இருக்கற எடத்தையும் சேர்த்து இடிக்க ஆரம்பிச்சுருவாங்க. அழற்சின்னு சொல்றது அதைத்தான். வீக்கத்துக்கு வைத்தியம் பண்ணிட்டுத்தான் இருக்கறோம். ஆனா இந்த அழற்சிய நிறுத்தறதுக்குன்னு உறுதியான மருந்து இன்னும் யாருகிட்டயும் இல்லீங்க. ஒண்ணை ஆராய்ச்சி பண்றாங்க.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பலன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தொற்று வர வாய்ப்பு கொஞ்சம் கூடலாம். வேண்டாம் என்றால் மற்ற வைத்தியத்தில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் அடிபட்ட எட்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், ஆகவே நான்கு மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதினெட்டுப் பக்கம் கொடுத்தார். நான்கு பக்கத்துக்கு மேல் எனக்கு எழுத்து ஓடவில்லை.

செங்கோடன், “மச்சா, எங்கக்காள வெச்சு சோதனை பண்ண வேண்டாமுங்க” என்றான். நான் டாக்டரிடம், “உங்க தங்கச்சியா இருந்தா என்னங்க பண்ணுவீங்க?” என்று கேட்டேன். “அதை நான் சொல்லக் கூடாதுங்க” என்றார். நீ உள்ளே மொட்டைத் தலையோடு கிடந்தாய். சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றிருந்தது. போட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் நீ கண் விழித்த அன்றே சொல்லியிருப்பேன். பத்தாம் நாள் உனக்குக் காய்ச்சல் நூற்று நான்கு. கழுத்து விறைத்துவிட்டது. முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள், கலங்கலாக வந்தது. மூளைச் சவ்வில் தொற்று என்றார்கள். இருபத்தொரு நாள் ஊசி மருந்து. நான் டாக்டரின் பின்னாலேயே போய், “அந்த மருந்தாலயாங்க?” என்று கேட்டேன். “தெரியாதுங்க. தலையத் தொறந்தா அது இல்லாமயும் வரலாம்” என்றார்.

செங்கோடன் என்னைப் பார்த்தான்.

நான் போட்ட கையெழுத்தால் நீ பிழைத்தாயா, அதனால்தான் அந்தக் காய்ச்சல் வந்து இத்தனை மாதம் எலும்பைத் திரும்ப வைக்க முடியாமல் கிடக்கிறாயா, எனக்குத் தெரியாது. அதை உன்னிடம் எப்படிச் சொல்வது? இன்று சொல்லலாம் நாளை சொல்லலாம் என்று ஏழு மாதம் ஓடிவிட்டது. டெய்சி உன்னைக் கூட்டிவரச் சொல்லி மூன்று தடவை ஃபோன் பண்ணினாள். நான்தான் தள்ளிப்போட்டேன்.

கிருபா


தொண்டாமுத்தூர்
4 அக்டோபர் 2025

ஏனுங்க,

உங்கள் கடிதத்தை வெளிச்சம் குறைந்த நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நாள் படித்தேன். அந்த மத்தியானம் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ‘பாவம்’ என்று ஒரு நிமிடம் தோன்றியது. அதைச் சொல்லத்தான் காகிதம் எடுத்தேன். ஆனால் அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது.

புதன்கிழமை மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்த முறை டாக்டர் ரம்ஷாவைப் பார்த்தேன். செங்கோடனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டேன். சொம்பு விஷயத்தை முழுதாகச் சொன்னேன். கத்துவது, எறிவது, எறிந்த பிறகுதான் எனக்கே தெரிவது, எல்லாவற்றையும்.

அவர் என் ஃபைலைப் புரட்டினார். “ஜூலைலயும் ஆகஸ்ட்லயும் டெய்சி ஃபோன் பண்ணிக் கேட்டிருக்காளே. ‘கோபமெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்காங்க’ன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னதா எழுதியிருக்குது?”

நான் மாத்திரைச் சீட்டை எடுத்து அவர் மேசையில் வைத்தேன்.

“வலிப்பு வராம இருக்கக் குடுத்திருக்கற மாத்திரை இருக்குதுல்லீங்க, அது சில பேருக்கு இந்தக் கோபத்தைக் கெளப்பிவிடும். எங்கிட்டச் சொல்லியிருந்தா ஜூன் மாசமே மாத்தியிருப்பேன்.”

“அப்ப என்ற கோபம் பூராவும் மாத்திரைதானுங்களா?”

“அப்படிச் சொல்ல முடியாதுங்க. அடிபட்டதும் கோபம் வர்ற எடத்துக்குப் பக்கத்துலதான். எது எவ்வளவுன்னு பிரிச்சு எடுக்கறதுக்கு வழியில்ல. மாத்திப் பாக்கலாம்.”

மூன்று வாரத்தில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்ட வேண்டும். எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். நான்கு மாதம் தாழ்ப்பாளுக்குப் பின்னால் நான் ஒரு ராட்சசி என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். பெற்ற பிள்ளையை அடித்தவள், அவளைப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை என்று. ஒரு மாத்திரைச் சீட்டு மாறியிருந்தால் போதும் என்று இப்போது தெரிகிறது. ஒருவேளை போதாமலும் இருந்திருக்கலாம். அதைப் பார்க்கும் வழியையே நீங்கள் அடைத்துவிட்டீர்கள்.

பிப்ரவரிக் கையெழுத்தை நான் புரிந்துகொண்டுவிடுவேன் போலிருக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது? இதற்கு நாற்பது நிமிட அவசரம் எதுவும் இல்லையே.

பிரியா


கணபதி
13 அக்டோபர் 2025

அம்மணி,

நீ கேட்டதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. இருக்கும் பதிலை எழுதுகிறேன்.

கோபம் வருகிறது, பிள்ளையை அடித்துவிட்டாள் என்று சொன்னால் ஃபைலில் ஏறிவிடும், உன்னைப் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள் என்று நினைத்தேன். நாளைக்கு நீ மறுபடியும் ஸ்கூலுக்குப் போக வேண்டுமே என்று நினைத்தேன். இது பாதி உண்மை.

மீதி இது. எனக்கு உன்னைப் பார்க்கப் பயம். நீ சொம்பை எடுத்தபோது நான் கதவுப் பக்கம் நின்றேன். இரண்டு எட்டு வைத்திருந்தால் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. தையல் போடும்போது கனிஷ்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா வேற யாரோங்களாப்பா?” என்று கேட்டாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. மறுநாள் உன்னை விட்டுவிட்டு வந்தபோது பேரூர் தாண்டியதும் எனக்கு மூச்சு நன்றாக வந்தது. அதற்காக நான் வெட்கப்படாத நாள் கிடையாது. டெய்சி ஃபோன் பண்ணும்போதெல்லாம், உண்மையைச் சொன்னால் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று ஒரு எண்ணம் வந்ததா இல்லையா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். வரவில்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை.

இங்கேயும் ஒன்றும் விடுதலையாக இல்லை. நீ இல்லாத வீட்டில் நாங்கள் இன்னும் மெதுவாகத்தான் நடக்கிறோம். குக்கர் விசில் வருவதற்குள் கனிஷ்கா ஓடி அடுப்பை அணைக்கிறாள். டேப்பில் சத்தமே வைப்பதில்லை. ஒன்பது வயசுப் பிள்ளை.

இன்னொன்றும் உண்டு. அவள் சனிக்கிழமை தோறும் உன்னைப் பார்க்கப் போகலாமா என்று கேட்பாள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்பேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. இப்போது அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

இதற்கு மேல் என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை.

கிருபா


தொண்டாமுத்தூர்
25 அக்டோபர் 2025

ஏனுங்க,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழிக்கலாம் என்று எடுத்தேன்.

பழைய மாத்திரையை நிறுத்தி நான்கு நாளாகிறது. தீபாவளிக்குக் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு மோட்டார் ரூமில் போய் உட்கார்ந்தேன். ஒரு லட்சுமி வெடி பக்கத்திலேயே வெடித்தது. கையில் இருந்த சீப்பை எறிந்தேன். ஆனால் எறியும் முன்னால், ‘எறியப் போகிறேன்’ என்று எனக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் எறிந்த பிறகுதான் தெரியும். கோபத்துக்கும் கைக்கும் நடுவில் இப்போது சின்ன இடைவெளி இருக்கிறது. மூன்று வரை எண்ணலாம், அவ்வளவுதான்.

எலும்பைத் திரும்ப வைக்கும் ஆபரேஷன் நவம்பர் 12. ஒத்துக்கொள்ளும் படிவத்தில் நான்தான் கையெழுத்துப் போடுவேன். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கனிஷ்காவைச் செங்கோடனோடு இங்கே அனுப்புங்கள். நீங்கள் வரக் கூடாது. நீங்கள் நடுவில் நின்றால் அவள் உங்கள் முதுகைத்தான் பார்ப்பாள், என்னைப் பார்க்கமாட்டாள்.

பிரியா


கணபதி
2 நவம்பர் 2025

அம்மணி,

என்னால் முடியாது. நீ கோபித்துக்கொண்டாலும் சரி. சொம்பு கண்ணுக்கு ஒரு விரல் மேலே பட்டது. மூன்று எண்ணும் இடைவெளி என்று நீயே எழுதுகிறாய். நானும் கூட வருகிறேன், தோட்டத்தில் தள்ளி நிற்கிறேன். தனியாக அனுப்பச் சொல்லாதே. உன்னிடம் கேட்காமல் நான் போட்ட கையெழுத்தெல்லாம் தப்பாகவே இருக்கட்டும். இதைப் போட என் கை வராது.

கிருபா


ஆஸ்பத்திரி, அறை எண் 214
11 நவம்பர் 2025

ஏனுங்க,

நாளைக் காலை ஆபரேஷன். இன்று மத்தியானம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

டெய்சியைப் பார்க்கக் கீழே போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு அம்மா கையில் காகிதக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அந்தியூர்க்காரர். பெயர் சபுரா. அவர் வீட்டுக்காரர் சிக்கந்தர் காலையில் லாரியிலிருந்து பின்மண்டை அடிபட விழுந்துவிட்டாராம். அதே பதினெட்டுப் பக்கம்.

என் ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கும் தலையிலீங்களா?” என்று கேட்டார். “எனக்குப் படிக்க வராதுங்க. டெய்சிப் பொண்ணு சொல்லுச்சு, தலையில நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா? மூணு மணிக்குள்ள சொல்லோணுமாமா” என்றார்.

பதினெட்டுப் பக்கத்தையும் படித்தேன். எத்தனையோ வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. ‘தொற்று’ என்பதற்கு ‘தோட்டம்’ என்று சொல்லித் திருத்தினேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். ஐம்பது நிமிடம் ஆனது. நடுவில் இரண்டு தடவை அந்தக் கதவு திறந்தது. திறந்தபோதெல்லாம் அவர் எழுந்து நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மறுபடியும் உட்கார்ந்து, “படிங்க” என்றார்.

முடித்ததும், “நீங்க சொல்லுங்கம்மணி, போடட்டுமா வேண்டாமா?” என்று என் கையைப் பிடித்தார். எனக்கு என்ன ஏறியது என்றே தெரியாது என்று சொன்னேன். அவர் எழுந்து அந்தக் கதவு வரை போய்த் திரும்பி வந்தார். பிறகு, “எனக்குத் தைரியம் வரலீங்க” என்று கையெழுத்துப் போடாமல் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார்.

நான் அவரைத் தப்பு என்று நினைக்கவில்லை. உங்களையும் அந்த நாற்பது நிமிடத்துக்காக இனிமேல் தப்பு என்று சொல்லமாட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குப் போடுவதும் வேண்டாம் என்பதும் ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டேன்.

டெய்சியிடம் போய் ஆராய்ச்சியில் தொடர்வதாகக் கையெழுத்துப் போட்டேன். நாளைய ஆபரேஷனுக்கும் போட்டேன். இரண்டும் என் கையெழுத்து.

நான்கு மாதத்தை மட்டும் நான் மன்னிக்கவில்லை. அது வேறு கணக்கு. அதற்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.

பிரியா


கணபதி
6 டிசம்பர் 2025

அம்மணி,

ஆபரேஷன் அன்று வந்திருந்தேன். நீ கண் திறக்கும் முன் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். தகடும் திருகாணியும் வைத்து முடுக்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். எத்தனை எம்.எம். என்று கேட்டேன். ஒன்றரை என்றார். என் பட்டறையில் அவ்வளவு சின்னத் திருகாணியைக் கையில் எடுத்ததே இல்லை.

முந்தாநாள் கனிஷ்காவை உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அப்பாதான் பொய் சொன்னேன் என்றேன். அவள் என்னோடு பேசாமல் ஒரு நாள் முழுக்க இருந்தாள். இன்று காலை வந்து, “நான் போறேங்கப்பா. ஆனா கார் சாவி மாமாகிட்டத்தான் இருக்கோணும். நான் சொன்னா ஒடனே கெளம்பிரோணும்” என்றாள்.

14ஆம் தேதி காலை பத்து மணிக்குச் செங்கோடன் வந்து கூட்டிப் போவான். நான் வரமாட்டேன். சாயங்காலம் அவள் திரும்பி வரும் வரை என்ன செய்வேன் என்று தெரியவில்லை. பட்டறையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கிருபா


தொண்டாமுத்தூர்
15 டிசம்பர் 2025

ஏனுங்க,

அவள் வந்து உங்களிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததை எழுதுகிறேன்.

கார் வந்து நின்று பத்து நிமிடம் அவள் இறங்கவில்லை. செங்கோடனும் இறங்கச் சொல்லவில்லை. நான் வாசலிலேயே நின்றேன். முடி ஒரு விரல்கடை வளர்ந்திருக்கிறது, தையல் தெரிகிறது. அப்படியே நின்றேன். பிறகு இறங்கி வந்து, ஒரு கை தூரத்தில் நின்று என் தலையையே பார்த்தாள்.

“ஆணி எத்தனைங்கம்மா?”

“பன்னெண்டு.”

“துருப்பிடிக்குமா?”

“பிடிக்காது. டைட்டானியம்.”

தொடட்டுமா என்று கேட்கவில்லை. நானும் தொடு என்று சொல்லவில்லை. உள்ளே வந்தாள். அம்மா அவளுக்குப் பிடித்த பச்சைப்பயிறு கடைந்து வைத்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு வார்த்தை தடுமாறினால் அவள் எடுத்துக் கொடுத்தாள், கணக்கு வாத்தியார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அவள் தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். முழங்கை பட்டு எவர்சில்வர் தட்டு சிமெண்டுத் தரையில் விழுந்து சுற்றிச் சுற்றிச் சத்தம் போட்டது. எனக்கு ஏறியது. பழையபடியே, கழுத்திலிருந்து காது வரைக்கும். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அம்மா என் கைக்குப் பக்கத்திலிருந்த டம்ளரை இழுத்துவிட்டாள். செங்கோடன் சாவியோடு எழுந்துவிட்டான்.

“கண்ணு, அம்மாளுக்குக் கோபம் வருது. உன்ற மேல இல்ல. நான் வெளிய போயிட்டு வாரேன்” என்று சொன்னேன். சொல்ல முடிந்தது. எழுந்து வெளியே போனேன். யாரும் கதவைச் சாத்தவில்லை.

தென்னை மரங்களுக்கு நடுவில் நடந்தேன். கை அடங்கவில்லை. ஒரு மட்டையை எடுத்து மரத்தில் அடித்தேன், அதையும் உங்களிடம் மறைக்கப் போவதில்லை. கார் கிளம்பும் சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தேன். போனால் போகட்டும், கூப்பிடக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன். கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தேன்.

அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தட்டை எடுத்து வைத்திருந்தாள். சாப்பிடவில்லை.

“போயிருச்சுங்களாம்மா?”

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. உங்களையும் என்னையும் நினைத்தேன். “பூராவும் போகல சாமி. கொறஞ்சிருக்குது.”

அவள் தட்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“அப்ப இன்னொரு தடவை நடந்துட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்.”

போனேன். கடைசி மரம் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தேன். வாசற்படிக்கு வந்து நின்று, நான் எங்கே வரை போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரியா